மலைமேல் வைஃபை: கரியாலூர் வீட்டுக்கு எந்த ரவுட்டர்?

கள்ளக்குறிச்சியில் கணினிக் கடைக்குப் போய் டிபி-லிங்க் ஆர்ச்சர் சி6 ரவுட்டரைக் கேட்டால், பெட்டியில் ‘ஏசி1200’ என்று போட்டிருக்கும். 1200 மெகாபிட் வேகம் கிடைக்கும் என்று நம்பி, கச்சிராயபாளையம் வழியாக மலையேறிக் கரியாலூருக்குக் கொண்டுபோகிறவருக்கு அந்த எண்ணால் ஒரு பயனும் இல்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 300, 5 கிகாஹெர்ட்ஸில் 867 என்று இரண்டையும் கூட்டி, கொஞ்சம் உயர்த்தி முழு எண்ணாக்கினால் வருவதுதான் 1200. இதில் இணையும் போன் ஒரு நேரத்தில் ஒரு அலைவரிசையைத்தான் பிடிக்கும். அது போக, வீட்டுக்குள் வரும் இணைப்பே இருபது முப்பது மெகாபிட்தான் என்றால், ரவுட்டர் அதைக் கூட்டித் தரப்போவதில்லை.

எனவே கடைக்குப் போவதற்கு முன்பே ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். வீட்டு வாசல் வரை ஃபைபர் வருகிறதா, இல்லை செல்போன் டவரை நம்பித்தான் இருக்க வேண்டுமா? தமிழ்நாட்டில் பாரத்நெட் திட்டத்தின் கீழ் 12,525 ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழை கொண்டுபோகும் பொறுப்பு டான்ஃபிநெட் நிறுவனத்திடம் இருக்கிறது. ஆனால் ஊராட்சி அலுவலகத்துக்கு இழை வந்துவிட்டால், சரிவில் தள்ளித் தள்ளிக் கிடக்கும் வீடுகளுக்கெல்லாம் வந்துவிட்டதாக ஆகாது. ஃபைபர் வராத வீட்டுக்கு ஆர்ச்சர் சி6 வாங்குவது வீண்செலவு. அதில் சிம் போட இடமே கிடையாது.

அந்த வீட்டுக்கு ஏற்றது சிம் போடும் 4ஜி ரவுட்டர். டிபி-லிங்கின் டிஎல்-எம்ஆர்6400 அந்த வகையில் பழகிய பெயர். பின்பக்கம் கழற்றி மாட்டக்கூடிய இரண்டு ஆன்டெனாக்கள், நான்கு கேபிள் துளைகள், ஒரு சிம் துளை, அவ்வளவுதான். 4ஜியில் இறங்கும் வேகம் அதிகபட்சம் 150 மெகாபிட். வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே. நகரத்து விமர்சகர்கள் இதைக் குறையாகச் சொல்வார்கள். கரியாலூரில் இதைக் குறையென்று சொல்ல முடியாது. 2.4 அலை 5-ஐ விடச் சுவரை நன்றாக ஊடுருவும், தூரமும் போகும். பழைய லேப்டாப், மலிவான போன் எல்லாவற்றிலும் வேலை செய்யும். அக்கம்பக்கத்தில் இருபது ரவுட்டர்கள் ஒரே அலைவரிசையில் மோதிக்கொள்ளும் சென்னை அடுக்குமாடித் தொல்லையும் இங்கே இல்லை.

சிம் போடும் இடத்தில் மட்டும் கை நிதானமாக இருக்க வேண்டும். இந்த மாடலின் பல பதிப்புகளில் துளை மைக்ரோ சிம் அளவில் இருக்கிறது. இன்றைய நானோ சிம்மை அப்படியே தள்ளினால் உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். சிம் அட்டையோடு வந்த பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து பிய்க்காமல், மைக்ரோ அளவுக்கு உடைத்துப் போட வேண்டும். சொருகிய பிறகு மின்னிணைப்பைக் கொடுத்து, போனில் 192.168.1.1 என்ற முகவரியைத் திறந்தால் ரவுட்டரின் பக்கம் வரும். அதில் சிக்னல் அளவு தெரியும். டவர் சிக்னலின் பலம் மைனஸ் எண்ணில் காட்டப்படும். மைனஸ் 90 என்றால் நல்லது, மைனஸ் 110-ஐத் தாண்டினால் வீடியோ பாடம் நின்று நின்றுதான் ஓடும். ரவுட்டரைக் கையில் தூக்கிக்கொண்டு ஜன்னல் ஜன்னலாக வைத்து இந்த எண்ணைப் பார்ப்பதே இந்த மலையில் செய்யக்கூடிய மிகப் பெரிய வேகக் கூட்டல். டிவிக்குப் பக்கத்தில் அழகாக வைத்த ரவுட்டரை விட, டவர் இருக்கும் திசையைப் பார்த்த ஜன்னல் மாடத்தில் வைத்த ரவுட்டர் நன்றாக வேலை செய்யும். அதுவும் போதாவிட்டால் ஆன்டெனாக்களைக் கழற்றிவிட்டு, கூரைமேல் நிறுத்தும் 4ஜி ஆன்டெனாவை அதே துளைகளில் இணைக்கலாம். கேபிள் நீள நீள சிக்னல் தேய்ந்துபோகும் என்பதால் கேபிளைக் குட்டையாகவே வாங்க வேண்டும்.

கடைக்காரர் பெரும்பாலும் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு: பேண்ட் எண். 2025 செப்டம்பர் 27 அன்று உள்நாட்டுத் தொழில்நுட்பத்தில் நாடு முழுக்கத் தொடங்கிவைக்கப்பட்ட பிஎஸ்என்எல் 4ஜி, 700 மெகாஹெர்ட்ஸையும் (பேண்ட் 28) 2100 மெகாஹெர்ட்ஸையும் (பேண்ட் 1) பயன்படுத்துகிறது. ஜியோவுக்கு 850, 1800, 2300. அதாவது பேண்ட் 5, 3, 40. எண் குறைந்த மெகாஹெர்ட்ஸ் அலைதான் மேடு பள்ளம் தாண்டி வெகுதூரம் வரும். மலைக்கு உயிர்நாடி அதுதான். ஒரே பெயருள்ள ரவுட்டரில் ஐரோப்பாவுக்குத் தயாரானது ஒன்று, வேறு நாட்டுக்குத் தயாரானது ஒன்று என்று பதிப்புகள் உண்டு. பேண்ட் பட்டியலும் மாறும். ஆன்லைனில் விலை குறைவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிய பெட்டியில் 28-ஆம் பேண்ட் இல்லையென்றால், பிஎஸ்என்எல் சிம்முக்கு 700-இன் பலன் கிடைக்காது.

கரண்டும் இடியும் தனிக் கவலை. ரவுட்டருக்கென்றே விற்கும் சின்ன யுபிஎஸ் ஒன்று இருந்தால் கரண்ட் போனாலும் இணைப்பு நிற்காது. ஆனால் சந்தையில் கிடைப்பவற்றில் பல 12 வோல்ட். எம்ஆர்6400-க்கு வருவது 9 வோல்ட் அடாப்டர். பின் பொருந்துகிறதே என்று மாற்றிச் செருகக் கூடாது. மழைக்காலத்தில் இடி இடித்தால் அடாப்டரைப் பிளக்கிலிருந்து உருவிவிடுவதே பாதுகாப்பு.

இனிப் பூட்டும் வேலை. இதைத் தள்ளிப்போடுகிறவர்களுக்கு 2017 ஜூலையை நினைவூட்ட வேண்டும். அந்த மாதம் ‘பிரிக்கர்பாட்’ என்ற தீநிரல் பிஎஸ்என்எல் வாடிக்கையாளர்களின் மோடம்களைத் தேடித் தேடித் தாக்கியது. பயனர் பெயர் அட்மின், பாஸ்வேர்டும் அட்மின் என்று கம்பெனி கொடுத்தபடியே விட்டிருந்த மோடம்கள்தான் அதன் குறி. உள்ளே நுழைந்து நினைவகத்தையே அழித்து, மோடத்தை வெறும் பிளாஸ்டிக் டப்பாவாக்கிவிட்டது. சுமார் 60,000 மோடம்கள் செயலிழந்ததாக அப்போது செய்திகள் வந்தன. பாஸ்வேர்டை மாற்றுங்கள் என்று நிறுவனமே வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது.

பல வீடுகளில் இன்னும் பிடிபடாத செய்தி, ரவுட்டருக்கு இரண்டு பாஸ்வேர்டுகள் உண்டு என்பது. ஒன்று வைஃபைக்கு, இன்னொன்று ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்கு. வந்த விருந்தாளிக்கு முதலாவதைச் சொல்லலாம். இரண்டாவதை யாருக்கும் சொல்லக் கூடாது, இரண்டும் ஒன்றாகவும் இருக்கக் கூடாது. ரவுட்டரின் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் கம்பெனி கொடுத்த வைஃபை பாஸ்வேர்டு அச்சாகியிருக்கும். அதை மாற்றாத வீட்டில், ரவுட்டரைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டோ எடுக்கத் தெரிந்தவர் யாரும் உள்ளே வந்துவிடலாம்.

வீட்டுக்காரரின் செல்போன் எண்ணையே வைஃபை பாஸ்வேர்டாக வைப்பது தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் பார்க்கும் பழக்கம். இது பூட்டே இல்லை. இந்திய செல்போன் எண்கள் 6, 7, 8, 9-இல்தான் தொடங்கும். எல்லாவற்றையும் எண்ணினாலும் 400 கோடிதான். போனும் ரவுட்டரும் கைகுலுக்கும் அந்த நொடியின் சமிக்ஞையைப் பதிவு செய்துகொண்டவர், நல்ல கிராபிக்ஸ் கார்டு ஒன்றை வைத்து அந்த 400 கோடியையும் சில மணி நேரத்தில் சோதித்துவிட முடியும். எண் அந்த வீட்டுக் கடைப் பலகையிலேயே எழுதியிருந்தால் அந்த வேலையும் மிச்சம். இதற்குப் பதிலாக, தொடர்பில்லாத நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதினால் பாட்டிக்கும் மறக்காது, கணினிக்கும் பிடிபடாது. டபிள்யூபிஏ2 என்ற வைஃபைப் பாதுகாப்பு முறையில் 63 எழுத்து வரை இடம் இருக்கிறது.

அமைப்புப் பக்கத்தில் பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 இருந்தால் அது. இல்லாவிட்டால் டபிள்யூபிஏ2, ஏஇஎஸ். பொத்தானை அழுத்தி இணைக்கும் டபிள்யூபிஎஸ் வசதியை அணைத்துவிடலாம். அதன் எட்டு இலக்க பின் எண்ணைச் சுமார் 11,000 முயற்சிகளில் கண்டுபிடித்துவிடலாம் என்று 2011-லேயே அம்பலமானது. வெளியிலிருந்து ரவுட்டரை இயக்கும் ‘ரிமோட் மேனேஜ்மென்ட்’ வீட்டுக்குத் தேவையே இல்லை.

கரியாலூரில் படகு ஓட்ட வருகிறவர்களுக்கும் கோடை விழாவுக்கு வருகிறவர்களுக்கும் அறை கொடுக்கிறவர்கள், டீக்கடை வைத்திருப்பவர்கள், வைஃபையைப் பூட்டாமல் திறந்து விடுவதை உபசாரம் என்று நினைக்கக் கூடாது. 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத் குண்டுவெடிப்புகளுக்குச் சற்று முன்பு ஊடகங்களுக்கு வந்த மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் இணைப்பிலிருந்து போனதாகக் கண்டறியப்பட்டது. அவருடைய வைஃபை பூட்டப்படாமல் இருந்தது. யாரோ பயன்படுத்தியதற்கு அவர் விசாரணைக்குள் இழுக்கப்பட்டார். விருந்தாளிகளுக்கென்று ‘கெஸ்ட் நெட்வொர்க்’ என்ற தனி வைஃபையை ஆர்ச்சர் சி6-இல் இரண்டே தொடுதலில் திறக்கலாம். அதற்கும் பாஸ்வேர்டு வைத்து, அவ்வப்போது மாற்றிக்கொள்ளலாம். அதில் இணைகிறவர் வீட்டுக் கணினியையோ கேமராவையோ எட்டிப் பார்க்க முடியாது.

ரவுட்டரின் உள்மென்பொருளான ஃபர்ம்வேரின் புதுப்பிப்பை அசட்டை செய்யக் கூடாது. 2023 மார்ச்சில் ஆர்ச்சர் ஏஎக்ஸ்21 மாடலில் இருந்த ஓட்டைக்கு நிறுவனம் திருத்தம் வெளியிட்டது. ஏப்ரலிலேயே ‘மிராய்’ என்ற தீநிரல் திருத்தம் போடாத ரவுட்டர்களுக்குள் புகத் தொடங்கிவிட்டது. மாதம் ஒருமுறை அமைப்புப் பக்கத்தில் அப்டேட் இருக்கிறதா என்று பார்க்கச் சில நிமிடங்கள் போதும்.

இன்று எம்ஆர்6400 வாங்கிய வீட்டுக்கு நாளை ஃபைபர் வந்தால் அதைத் தூக்கிப் போட வேண்டாம். அதன் துளைகளில் ஒன்று ஃபைபர் பெட்டியிலிருந்து வரும் கேபிளையும் ஏற்கும். அமைப்புப் பக்கத்தில் ‘வயர்லெஸ் ரவுட்டர்’ முறைக்கு மாற்றிக்கொண்டால் போதும். துளையின் உச்ச வேகம் 100 மெகாபிட். அதற்கு மேல் வேகமுள்ள திட்டத்தை வீடு எடுக்கும் நாளில், கிகாபிட் துளைகள் கொண்ட ஆர்ச்சர் சி6-க்குச் செலவழிக்கலாம்.