காஞ்சி இல்லாத களம்

இரண்டாவது ஆட்டத்தில் என்னுடைய 10 சிப்பாய்கள் ஒரே வீச்சில் செத்துப்போனார்கள். எதிரில் நின்ற பையன் பகடைகளைப் பொறுக்கிக்கொண்டே, "அண்ணா, அந்த யூனிட்ட எடுத்துடுங்க" என்றான். கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறவன், மரியாதையான பையன். எடுத்துவிட்டேன். எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை. மேஜை ஓரத்தில் யாருடைய டிபன் டப்பா மூடியோ கிடந்தது. பத்துப் பேரையும் அதில் கொட்டினேன். ஒருவனுடைய துப்பாக்கி முனை உடைந்து தரையில் விழுந்தது.

தாம்பரத்தை அடுத்த சேலையூர் பக்கம், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கக் கூடத்தில் நடந்த போட்டி அது. 8 பேர், 4 மேஜைகள், 3 சுற்றுகள். கல்யாணப் பந்தி மேஜைகளை இரண்டிரண்டாக ஒட்டிப் போட்டு, மேலே தெர்மாகோல் இடிபாடுகளையும் மருந்து அட்டைப்பெட்டியில் செய்த தொழிற்சாலைகளையும் அடுக்கியிருந்தோம். நேரம் பார்க்க, அக்கா பையனின் செஸ் கடிகாரத்தை இரவல் வாங்கிப் போயிருந்தேன். சென்னையில் செஸ் கடிகாரத்துக்குப் பஞ்சமில்லை. விமானப்படை நிலையத்தின் மதில் அங்கிருந்து அதிக தூரமில்லை; நிஜப் போருக்குப் பயிற்சி எடுப்பவர்கள் அந்தப் பக்கம், பொம்மைப் போருக்கு வந்தவர்கள் இந்தப் பக்கம்.

'வார்ஹாமர் 40,000' என்கிற இந்த விளையாட்டை ஒரு பிரதியாக வாசித்து எழுத வேண்டும் என்று வெகுநாளாக ஆசை. விதிப்புத்தகமும் ஒரு பிரதிதான். எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது, எதை எண்ண வேண்டும் என்று அது சொல்கிறது. எதை எண்ணவே வேண்டாம் என்பதையும் சேர்த்தே சொல்கிறது. அந்த டிபன் டப்பா மூடிதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்: செத்தவர்களை மேஜையிலிருந்து எடுத்துவிடச் சொல்லும் விதி இருக்கிறது. அதற்குப் பிறகு அவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். 1987இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் இருக்கும் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனத்துக்காக ரிக் பிரீஸ்ட்லி உருவாக்கிய விளையாட்டு இது. விரல் உயரப் பிளாஸ்டிக் வீரர்களைச் சட்டத்திலிருந்து வெட்டி, ஒட்டி, நாமே வண்ணம் தீட்ட வேண்டும். நம் ஊர் ஈரக்காற்றில் ஸ்ப்ரே பிரைமர் அடித்தால் பூச்சு மணல்மணலாகப் பொரிந்துவிடும். வெயில் ஏறும்வரை காத்திருந்து மொட்டைமாடிக்குப் போக வேண்டும். 10 பேர் கொண்ட ஓர் அணியை முடிக்க எனக்கு இரண்டு வாரம் ஆகும். அம்மாவுக்கு இதெல்லாம் கொலு. "நவராத்திரி முடிஞ்சும் உன் பொம்மைங்கள எடுத்து வைக்கலையா?" என்பார்.

ஒவ்வொரு அணிக்கும் ஒரு விலை உண்டு. பெரிய போட்டிகளில் ஆளுக்கு 2,000 பாயின்ட் படை; நாங்கள் 1,000 வைத்து ஆடினோம். 2023இல் வந்த பத்தாம் பதிப்பின்படி மேஜை 60 அங்குலத்துக்கு 44 அங்குலம். நகர்வதை இன்ச் டேப்பால் அளக்க வேண்டும். சுட்டால் பகடை உருட்ட வேண்டும். குண்டு பட 3 அல்லது மேல், காயப்படுத்த 4 அல்லது மேல், கவசம் தடுக்க 3 அல்லது மேல் என்று வைத்துக்கொண்டால், ஒரு குண்டு காயமாக முடிய வாய்ப்பு மூன்றில் இரண்டு, பெருக்கல் இரண்டில் ஒன்று, பெருக்கல் மூன்றில் ஒன்று: ஒன்பதில் ஒன்று. இரண்டு காயத்தைத் தாங்கும் ஒருவனைச் சாய்க்கச் சராசரியாக 18 குண்டுகள். என் வேலை மென்பொருள் என்பதால் எனக்கு இந்தக் கணக்கு பிடிக்கும். பிடிக்கும் என்பதை மறைக்கப் போவதில்லை.

கொன்று குவித்தால் மட்டும் ஜெயிக்க முடியாது என்பது புதிதாக வருகிறவர்களுக்கு ஆச்சரியம். களத்தில் குறித்த இடங்களை யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்பதற்கே பெரும்பாலான மதிப்பெண். மொத்தம் 100: முதன்மைப் பணிக்கு 50, துணைப் பணிகளுக்கு 40, மிச்சமிருக்கும் 10 படைக்கு ஒழுங்காக வண்ணம் அடித்திருப்பதற்காக. 5 சுற்றின் முடிவில் களத்தில் ஓர் ஆள்கூட மிஞ்சாமல் ஜெயிக்கலாம். அதனால் அனுபவசாலிகள் வாயில் அடிக்கடி வருகிற சொல் 'டிரேடு'. அறுபது சொச்சம் பாயின்ட் அணியைக் கொடுத்து 120 பாயின்ட் டாங்கை வாங்கினால் நல்ல டிரேடு. என்னுடைய படை, கூட்டம் கூட்டமாகச் சாதாரணச் சிப்பாய்களை அனுப்பும் படை. அவர்கள் விலை குறைவு. முன்னால் போய்ச் சாவதற்கென்றே இருப்பவர்கள்.

இந்தக் கற்பனை உலகமும் அப்படித்தான் அமைக்கப்பட்டிருக்கிறது. பத்தாயிரம் வருடமாகப் பிணம்போலத் தங்க அரியணையில் கிடக்கும் ஒரு பேரரசர். அவரை அணையாமல் காக்கத் தினமும் ஆயிரம் பேர் பலி. மனிதப் பேரரசு என்பது அறியாமையும் வெறுப்பும் கட்டிய கோட்டை. ஆரம்பத்தில் இது நையாண்டி. ஆனால் நையாண்டிக்கு அழகான கவசமும் கொடியும் கொடுத்தால் என்ன ஆகும் என்பது 2021இல் தெரிந்தது. ஸ்பெயினில் ஒரு போட்டிக்கு ஒருவர் நாஜி சின்னம் அணிந்து வந்தார். அந்த வருட நவம்பரில், எங்கள் பேரரசு ஒரு கேலிச்சித்திரம், வழிகாட்டி அல்ல என்று நிறுவனமே அறிக்கை விட வேண்டியிருந்தது. நையாண்டியை நையாண்டி என்று அறிக்கை விட்டுச் சொல்ல வேண்டியிருந்தால் அந்தப் பிரதி எங்கோ தோற்றிருக்கிறது.

போட்டிக் களத்தில் இந்தக் கதை எதுவும் யாருக்கும் ஞாபகம் இல்லை. பேரரசர் ஒரு சிறப்பு விதி, மதவெறி என்பது பகடையை மறுபடி உருட்டும் சலுகை. கதைக்காக வருகிறவர்கள் இதனால்தான் போட்டிக்காரர்களைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். எனக்கு வேறொன்று தோன்றுகிறது. கதைப் புத்தகங்களில் தியாகம், வீரம் என்றெல்லாம் வரும். போட்டியில் 'நல்ல டிரேடு' மட்டும்தான் வரும். தளபதியின் மண்டைக்குள் உண்மையில் ஓடுவது எது என்று கேட்டால், இரண்டாவதுதான் என்பேன். போட்டி வடிவம் கதையைக் கழற்றி எறியும்போது, தன்னையறியாமல் போரைப் பற்றிய ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறது.

இந்த உண்மை பழையதுதான். 1780இல் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக்கில் ஹெல்விக் என்ற பேராசிரியர் சதுரங்கப் பலகையை விரித்து நிலமும் கோட்டையும் சேர்த்தார். 1824இல் பிரஷ்யாவின் ரைஸ்விட்ஸ் என்ற இளம் அதிகாரி, தன் தந்தை தொடங்கிய போர் விளையாட்டை 1:8000 அளவு வரைபடத்தின்மேல் பகடையோடும் நடுவரோடும் அமைத்துத் தலைமைத் தளபதி மூஃப்ளிங்கிடம் காட்டினார். ராணுவம் அதைப் பயிற்சியாக எடுத்துக்கொண்டது. சதுரங்கத்தில் வெட்டினால் வெட்டியதுதான், சந்தேகமில்லை. ரைஸ்விட்ஸ் கொண்டுவந்தது சந்தேகத்தை: எத்தனை பேர் சாவார்கள் என்பதற்கு ஓர் அட்டவணை. நான் மேலே போட்ட பெருக்கல் கணக்கின் பாட்டன் அந்த அட்டவணை.

அதை ராணுவத்திடமிருந்து வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் எச்.ஜி. வெல்ஸ். அவருடைய 'லிட்டில் வார்ஸ்' வெளியான வருடம் 1913. காலாள் ஓர் அடி நகரலாம், குதிரை இரண்டு அடி. சாவைத் தீர்மானிக்கப் பகடை இல்லை; ஸ்பிரிங் வைத்த பொம்மைப் பீரங்கியால் மரக்குச்சியைச் சுட வேண்டும், விழுந்தவன் செத்தான். விளையாட்டுக் குதூகலம் பொங்கும் புத்தகம் அது. ஆனால் கடைசியில் வெல்ஸ் திடீரென்று தீவிரமாகிறார். இந்தச் சின்னப் போரை மூன்று நான்கு முறை ஆடிப் பார்த்தாலே பெரிய போர் எவ்வளவு மடத்தனம் என்று புரிந்துவிடும் என்பது அவர் வாதம்.

நானும் பல வருடம் இந்த வாதத்தைத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். "போர் பொம்மையோட என்னடா விளையாட்டு" என்று கேட்பவர்களுக்குச் சொல்லத் தோதான பதில். ஆனால் அடுத்த வருடமே பெரிய போர் வந்தது. 1914இல் வெல்ஸ் எழுதிய அடுத்த போர்ப் புத்தகத்தின் பெயர், போரை ஒழிக்கப் போகும் போர் என்று பொருள்படும். அந்தப் போரை அவர் ஆதரித்தார். சின்னப் போர் யாருக்காவது பாடம் கற்பித்திருக்க வேண்டும் என்றால் முதலில் அதை எழுதியவருக்குக் கற்பித்திருக்க வேண்டும். கற்பிக்கவில்லை. ஏன் என்பதற்கு அவருடைய விதிகளிலேயே விடை இருக்கிறது என்று நினைக்கிறேன். சுடுவதற்கு விதி இருக்கிறது, நகர்வதற்கு இருக்கிறது, கைகலப்புக்கு இருக்கிறது. விழுந்தவன் மேஜையை விட்டுப் போனதும் விளையாட்டின் கவனமும் அவனை விட்டுப் போய்விடுகிறது.

நம்மிடமும் போருக்கு ஒரு விதிப்புத்தகம் உண்டு. தொல்காப்பியத்தின் புறத்திணையியலை நான் அப்படித்தான் வாசிக்கிறேன். ஆநிரை கவர்வது வெட்சி, மண்ணாசையில் படையெடுப்பது வஞ்சி, கோட்டையை வளைப்பது உழிஞை, வலிமையைக் காட்டவே நேருக்கு நேர் மோதுவது தும்பை, வெற்றி வாகை. இதுவரைக்கும் எந்த மினியேச்சர் விளையாட்டோடும் பொருத்திவிடலாம். குறித்த இடத்தைப் பிடித்து மதிப்பெண் எடுப்பது அசல் வெட்சி. ஆனால் தொல்காப்பியர் வாகையோடு நிறுத்தவில்லை. அடுத்து வருவது காஞ்சி: நிலையாமை. புண்பட்டவனைப் பேய் காப்பது, தன் புண்ணைத் தானே கிழித்துக்கொண்டு சாகிறவன், செத்தவன் தலையோடு தன் முகத்தைச் சேர்த்துக்கொள்ளும் மனைவி, கணவனை இழந்தவளின் தனிமை, இதெல்லாம் அதன் துறைகள். அதாவது பட்டியலின் உள்ளேயே அவற்றுக்கு இடம் இருக்கிறது, பின்னிணைப்பாக இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. தொல்காப்பியர் ஒவ்வொரு புறத்திணைக்கும் ஓர் அகத்திணையை இணை வைக்கிறார். நேருக்கு நேர் மோதும் தும்பைக்கு அவர் தந்த இணை நெய்தல். நெய்தலின் நிலம் கடற்கரை, அதன் உரிப்பொருள் இரங்கல். திறந்த வெளியில் இரண்டு படைகள் மோதும்போது எங்கோ ஒரு கடற்கரையில் ஒருத்தி அழுதுகொண்டிருப்பாள் என்று இலக்கணமே சொல்வதுபோல எனக்குப் படுகிறது.

இதைச் சொல்லிவிட்டுப் 'பார், நம் முன்னோர் அன்றே' என்று ஆரம்பிக்க எனக்கு விருப்பமில்லை. புறப்பாடல்கள் போரை எதிர்த்தவை அல்ல. ஊரைக் கொளுத்தியதையும் பாடிப் பரிசில் வாங்கியிருக்கிறார்கள். காலத்தால் பிந்திய புறப்பொருள் வெண்பாமாலையில் காஞ்சி என்ற பெயரே இடம் மாறி, படையெடுத்து வருபவனை எதிர்த்துக் காப்பதைக் குறிக்கத் தொடங்கிவிட்டது. நிலையாமை பொதுவியலுக்குள் ஒதுங்கிவிட்டது. ஆக, காஞ்சியை நாமும் தள்ளித்தான் வைத்தோம். நான் சொல்ல வருவது சின்ன விஷயம்: போரின் இலக்கணத்தில் இரங்கலுக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்க முடியும். ஒருமுறை ஒதுக்கியும் இருக்கிறார்கள்.

இது எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், 2009. அப்போது நான் பொறியியல் மாணவன். ஜனவரி கடைசியில் முத்துக்குமார் சாஸ்திரி பவன் அருகே தீக்குளித்தார், கல்லூரிகள் மூடப்பட்டன. தினமும் வன்னியின் வரைபடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அம்புக்குறிகள், வண்ணம் தீட்டிய பகுதிகள். பாதுகாப்பு வலயம் என்று ஜனவரியில் ஓரிடத்தில் போட்ட கோடு பிப்ரவரியில் கடற்கரைக்கு நகர்ந்தது, மே மாதம் இன்னும் சுருங்கியது. நண்பர்களோடு டீக்கடையில் நின்று, இந்தப் பக்கம் உடைத்தால் அந்தப் பக்கம் போகலாம் என்று பேசியிருக்கிறேன். அக்கறையோடுதான் பேசினோம். ஆனால் மேலேயிருந்து பார்த்துத்தான் பேசினோம். அந்தக் கோட்டுக்குள் இருந்த ஆட்களை மே மாதத்துக்குப் பிறகு வந்த படங்களில்தான் பார்த்தேன். வரைபடத்தில் அவர்கள் இருக்கவே இல்லை. ரைஸ்விட்ஸின் அட்டவணையிலிருந்து என் இன்ச் டேப் வரை எல்லாம் நமக்குத் தருவது அந்த மேலேயிருந்து பார்க்கும் பார்வையை. அது சுகமானது. அதனால்தான் அதிலிருந்து பாடம் வருவதில்லை.

அப்படியானால் ஆடுவதை விட்டுவிட வேண்டியதுதானே? விடவில்லை. அடுத்த போட்டிக்கும் பெயர் கொடுத்திருக்கிறேன். எதிராளியின் கண்ணைப் பார்த்து மூன்று மணி நேரம் நேர்மையாக ஆடுவது எனக்கு வேறெங்கும் கிடைப்பதில்லை. டேப்பில் அரை அங்குலம் சந்தேகமாக இருந்தால் "நீங்களே சொல்லுங்கண்ணா" என்று அந்தப் பையன் விட்டுக்கொடுத்தான். அதுவும் இந்த விளையாட்டில் இருக்கிறது. விட்டது ஒன்றே ஒன்று, வெல்ஸின் வாதம். இது போரின் மடத்தனத்தைக் கற்றுத்தரும் என்று இப்போது யாரிடமும் சொல்வதில்லை.

மூன்று சுற்றில் இரண்டு தோற்று ஆறாவதாக வந்தேன். மாலை கூடத்தைக் காலி செய்ய வேண்டும், செக்யூரிட்டி இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டார். அப்போது எல்லோரும் குனிந்து அவரவர் ஆட்களைப் பொறுக்க ஆரம்பித்தார்கள். மூடியிலிருந்து, நாற்காலிக்கு அடியிலிருந்து, இடிபாட்டுக்குள்ளிருந்து. ஒவ்வொருவனையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, கை இருக்கிறதா, தலை ஆடுகிறதா என்று தொட்டு, ஸ்பாஞ்சில் செருக வேண்டும். காலையில் ஒரே வீச்சில் எடுத்த பத்துப் பேரை ஒவ்வொருவராக வைக்க எனக்குக் கால் மணி நேரம் ஆனது. அந்தக் கால் மணி நேரத்துக்கு விதிப்புத்தகத்தில் பக்கம் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை.

பையன் தரையில் மண்டியிட்டு எதையோ தேடிக்கொண்டிருந்தான். "என்னப்பா?" என்றேன். "உங்க ஆளோட துப்பாக்கி முனைண்ணா. இங்கதான் விழுந்துச்சு" என்றான். மொபைல் டார்ச்சைப் போட்டுக்கொண்டு நானும் குனிந்தேன்.