கிறீன் வைத்தியரின் தமிழ்வழி மருத்துவக் கல்வி: ஒரு மதிப்பீடு

தொழிற்கல்வியொன்றின் பாடத்திட்டத்தை மதிப்பிடப் புகுவோர் பெரும்பாலும் அதன் பாடநூல்களையே முதற்கண் நோக்குவர். நூல்கள் செம்மையாக அமைந்தனவெனிற் கல்வியும் செம்மையாக அமைந்ததெனக் கொள்வர். இக்கருத்து எத்துணைக் குறைபாடுடையது என்பதை, யாழ்ப்பாணத்து மானிப்பாயிலே பத்தொன்பதாம் நூற்றாண்டில் நடைபெற்ற மருத்துவக் கல்வியின் வரலாறு தெளிவுறக் காட்டுகின்றது.

அமெரிக்க மிசன் வைத்தியராகிய சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822–1884) 1847ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணம் வந்தார். அடுத்த ஆண்டு மானிப்பாயைத் தமது பணிக்கு நிலைக்களமாகக் கொண்டு, நோயாளரைப் பராமரித்ததோடு இளைஞர் சிலருக்கு மேனாட்டு மருத்துவத்தையும் பயிற்றத் தொடங்கினார். தொடக்கத்தில் ஆங்கிலமே போதனாமொழியாயிருந்தது. இடையிலே தாயகஞ் சென்று 1862இல் மீண்ட அவர், 1864 முதலாகத் தமிழிலே போதிக்கலானார். 1873இல் நாடு திரும்புமுன் அறுபதுக்கு மேற்பட்டோரைப் பயிற்றி வெளியேற்றினார்.

இப்பணிக்குக் கருவியாக அமைந்தவை அவர்தம் தமிழ் நூல்கள். பிரசவ வைத்தியம் 1857இலும், இரணவைத்தியம் 1867இலும், மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம் என்பன 1872இலும், கெமிஸ்தம் 1875இலும், மனுஷ சுகரணம் 1883இலும் வெளிவந்தன. இவற்றுட் பல, அக்காலத்து ஆங்கில நூல்களின் தமிழாக்கங்கள். கிரே என்பாரின் உடலமைப்பு நூல் இலண்டனில் முதன்முதல் வெளிவந்தது 1858இலேயாம். பதினான்கு ஆண்டுகளுக்குள் அது மனுஷ அங்காதிபாதமாகத் தமிழ் மாணவர் கைக்குக் கிட்டியமை வியக்கற்பாலது.

இம்முயற்சி குறித்து இருவேறு கருத்துக்கள் வழங்குகின்றன. தமிழில் எவ்வறிவியலையும் கற்பித்தல் கூடும் என்பதற்கு இதுவே போதிய சான்று என்பர் ஒருசாரார். அது நிலைபெறாது போனமையே தமிழின் இயலாமைக்குச் சான்று என்பர் மற்றொருசாரார். இருசாராரும் மொழியொன்றையே காரணமாகக் கொண்டு வழக்காடுகின்றனர். பாடத்திட்டம் எவ்வாறு இயங்கியது, எதனால் ஓய்ந்தது என்னும் வினாக்களை எழுப்பினாரிலர்.

மொழியைப் பொறுத்தவரை, கிறீன் எதிர்கொண்ட இடர்ப்பாடும் அதற்கு அவர் கண்ட தீர்வும் நூற்பெயர்களிலேயே புலப்படுகின்றன. இரணவைத்தியம் என்பது மக்கள் நாவில் வழங்கிய சொற்களால் ஆயது. அங்காதிபாதம், சுகரணம் என்பன வடமொழிச் சொற்களைக் கொண்டு அமைந்தவை. கெமிஸ்தம் என்பதோ ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழுரு அளித்ததாகும். வழக்குச் சொல் உளதாயின் அதனைக் கொள்ளுதலும், இல்வழி வடமொழியை நாடுதலும், அதுவும் உதவாவிடத்து ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஓசைக்கு இயைவித்தலும் ஆகிய இம்முறை, தூய்மை பற்றிய பிடிவாதத்தைக் காட்டிலும் மாணவனுக்கு விளங்குதலையே பெரிதெனக் கொண்டது. இச்சொற்களுட் பல இன்று வழக்கொழிந்தன. ஆயினும் அதுகொண்டு முறையைப் பழித்தல் பொருந்தாது.

போதனைமுறையிலும் பாராட்டத்தக்க கூறுகள் இரண்டுள. நோயாளர் நாடிவந்த இடமே வகுப்பறையாக அமைந்தமையால், ஏட்டிற் படித்ததை மாணவன் நோயாளியின் உடலிற் கண்டறிய வேண்டியிருந்தது. மாணவர் பலர் மொழிபெயர்ப்பிலும் பங்குகொண்டமை மற்றொன்று. ஓர் என்புக்கு அல்லது நரம்புக்கு ஏற்ற தமிழ்ச் சொல்லைத் தேடுபவன் அதன் இயல்பை ஐயமற உணர்ந்தாலன்றி அச்சொல்லைத் தெரிதல் இயலாது. ஆதலின், மொழிபெயர்ப்பு நூலாக்கமாக மட்டுமன்றிச் சிறந்ததொரு பயிற்சிமுறையாகவும் அமைந்தது.

இனி, குறைபாடு யாது? கிரேயின் நூல் அவர் மறைந்த பின்னரும் வேறு அறிஞர் கைகளாற் காலந்தோறும் திருத்தப்பெற்று, 2020இல் நாற்பத்திரண்டாம் பதிப்பைக் கண்டது. மனுஷ அங்காதிபாதத்துக்கு அத்தகைய வழித்தோன்றல் வாய்க்கவில்லை. இரணவைத்தியம் அச்சேறிய 1867ஆம் ஆண்டிலேயே, காயங்களிற் சீழ்பிடிப்பதைத் தடுக்கும் தம் முறையை லிஸ்டர் வெளியிட்டு, சத்திரவைத்தியத்தின் அடிப்படையையே மாற்றலானார். காசநோய்க் கிருமியைக் கொக் 1882இல் அறிவித்தார். வாந்திபேதிக் கிருமியை அடுத்த ஈராண்டுகளில் எகிப்திலும் கல்கத்தாவிலும் ஆராய்ந்து கண்டார். ஆகவே, அந்நூல்கள் தோன்றிய காலமே மருத்துவ அறிவு தலைகீழாக மாறிய காலமாயிற்று. அத்தகைய காலத்தில் திருத்தப்பெறாத நூல், எத்துணைச் சிறந்த தமிழில் எழுதப்பெற்றதாயினும், மாணவனுக்கு வழிகாட்டியாதல் அரிது.

தொழில்வாய்ப்பும் எதிர்த்திசையிலே சென்றது. 1870இல் அரசாங்கம் கொழும்பிலே தொடங்கிய வைத்தியப் பள்ளி ஆங்கிலவழியில் இயங்கியது. அரச சேவைக்கும் உயர்பதவிக்கும் ஆங்கிலமே வாயிலாகியது. தமிழ்வழி பயின்றோர் தம் ஊர்களிலேயே தங்கி மக்கட்குத் தொண்டாற்றுவர் என்பது கிறீனின் நோக்கம். அந்நோக்கம் உயரியதே. எனினும், பட்டத்துக்கும் பதவிக்கும் உரிய ஏற்பைப் பெறாத கல்வியை, தொண்டுள்ளம் ஒன்றே நெடுங்காலம் தாங்கமாட்டாது. ஒருவரின் ஆற்றலிற் பெரிதும் தங்கியிருந்த பாடத்திட்டம் அவர் நீங்கியதும் தளர்ந்தமை இயல்பே.

இவ்வரலாறு இன்றைக்கும் பொருளுடைத்து. 1960ஐ ஒட்டி இலங்கைப் பல்கலைக்கழகத்திலே கலைப்பாடங்கள் சுயமொழிகளிற் போதிக்கப்படலாயின. மருத்துவமோ ஆங்கிலத்திலேயே நின்றது. 1978இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உருவான மருத்துவபீடமும் அவ்வழியையே மேற்கொண்டது. உலக ஆராய்ச்சியோடு தொடர்பறாதிருத்தற்கு இது துணைபுரிகின்றது என்பதை மறுத்தலாகாது. ஆயினும், நோயாளி தன் நோவைத் தமிழிலேயே கூறுகின்றான். குத்துகின்ற நோவு, உளைகின்ற நோவு, விறைப்பு, எரிவு என அவன் பகுத்துரைக்கும் சொற்களிலேயே நோயின் குறி அடங்கியிருக்கின்றது. அச்சொற்களின் நுட்பத்தை அறிதலும், நோயையும் மருந்தையும் அவனுக்கு விளங்கும் மொழியில் எடுத்துரைத்தலும் மருத்துவனது தொழிற்றிறனின் பகுதிகளே. அவற்றைப் பண்பென்றோ தயவென்றோ கருதி விடாது, பாடத்தில் வைத்துப் பயிற்றுதலும் பரீட்சையில் வைத்துச் சோதித்தலும் வேண்டும்.

கிறீனின் நூல்களைப் புகழ்ந்து காட்சிக்கு வைப்பதனால் மட்டும் அவர் பணி தொடர்ந்ததாகாது. நூலைத் திருத்துவோர் வழிவழி வருதல், ஆசிரியர்க்குப் பின் ஆசிரியர் உளராதல், கற்றோர் தகைமையைத் தொழிலுலகம் ஏற்றல் ஆகிய மூன்றுமே எப்பாடத்திட்டத்துக்கும் உயிர்நாடிகளாம். மானிப்பாயிலே தமிழ் தன் ஆற்றலைக் காட்டியது. அதனைத் தாங்கவேண்டிய நிறுவனங்களே குறைவுபட்டன. தமிழில் உயர்கல்வி குறித்துத் திட்டமிடுவோர் சொற்றொகுதிகளை ஆக்குதற்கு முன் இவ்வேறுபாட்டை உளங்கொள்ளுதல் இன்றியமையாதது.