பாட்டின் விலையும் கேட்போர் தொகையும்: வன்னிப் பாடல்களை முன்வைத்து ஒரு நோக்கு

கலைக்கு விலை குறிக்கும் முறை, அக்காலச் சமூக உறவுகளினின்றும் பிரித்து நோக்கத்தக்கதன்று. இசைத் தரவிறக்கங்களுக்கு அவற்றின் பிரபலத்துக்கேற்ப விலை விதித்தல் தகுமா என்னும் வினாவையும் நாம் அவ்வாறே அணுகுதல் வேண்டும். வணிகர்க்கு மட்டும் உரியதாகத் தோன்றும் இவ்வினா, வன்னிப் பெருநிலத்தின் பாடல்களை முன்வைத்து ஆராயுமிடத்துப் பண்பாட்டின் வாழ்வு பற்றியதாகின்றது.

முதற்கண் நிகழ்ந்தவற்றைச் சுருங்க நோக்குவோம். அப்பிள் நிறுவனம் 2003இல் தொடங்கிய ஐரியூன்ஸ் கடை, பாடல் யாருடையதாயினும் 99 அமெரிக்கச் சதம் என ஒரே விலை வைத்தது. இசைத்தட்டு நிறுவனங்களின் வற்புறுத்தலைத் தொடர்ந்து 2009 ஏப்பிரலில் 69, 99, 129 சதம் என மூன்று விலைப்படிகள் வந்தன. பெரிதும் விரும்பப்பட்டவை மேற்படிக்கு ஏறின. 2006இல் தோன்றிய ஏமி ஸ்ரீற் என்னும் இணையக்கடை இக்கொள்கையை அதன் எல்லைவரை கொண்டு சென்றது. அங்கு ஒரு பாடல் இலவசமாகத் தொடங்கி, வாங்குவோர் பெருகப் பெருக 98 சதம் வரை விலையேறியது. 2010இல் அமேசன் அதனை வாங்கியதோடு அம்முயற்சி முடிவுற்றது.

இம்முறைக்குச் சார்பான வாதத்தைப் புறந்தள்ளுதல் ஆய்வு நேர்மையாகாது. அறியப்படாத பாடகனை முழுவிலை கொடுத்துக் கேட்கப் பலர் தயங்குவர்; குறைந்த விலை அவனுக்கு வாயில் திறக்கும். புகழ்பெற்ற பாட்டுக்குக் கூடுதலாகக் கொடுக்க விரும்புவோர் கொடுப்பதில் தவறென்ன என்றும் கேட்பர்.

ஆயின் இவ்வாதம் கேட்போர் தொகையைப் பாட்டின் பெறுமதிக்கு அளவுகோலாகக் கொள்கின்றது. அத்தொகை எவ்வாறு உருவாகின்றது என அது வினவுவதில்லை. வன்னியின் அருவி வெட்டுப் பாடல்களும், குருவிப்பள்ளும், வேலப்பணிக்கன் ஒப்பாரியும், முல்லைமோடி என வழங்கும் கோவலன் கூத்தும் வயலிலும் முற்றத்திலும் கோயில் வெளியிலும் ஊர்கூடிக் கேட்டவை. அருவி வெட்டு இயந்திரத்தின் வசமானபோது அவ்வயற்பாடல்களின் களம் அருகியது. ஐரியூன்ஸ் விலைப்படி வகுத்த அதே 2009 ஏப்பிரலில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மக்களுட் பெருந்தொகையினர் ஒடுங்கிய கரையோர நிலத்துண்டில் எறிகணைகளுக்கிடையே அகப்பட்டிருந்தனர். மே மாதத்தில் போர் முடிந்தபின் தப்பியோர் வவுனியாவின் செட்டிகுளம் முகாம்களில் அடைக்கப்பட்டனர். பாடியோரும் கேட்டோரும் மாண்டும் சிதறியும் போயினர். இவ்வாறு குறுகிய தொகையைச் சுவையின் தீர்ப்பெனக் கொள்வது, வரலாற்றின் இழப்பைக் கலையின் குறையாகக் கணக்கிடுவதாகும்.

நெல்லோடு ஒப்பிட்டு நோக்கின் இது மேலும் தெளிவாகும். இரணைமடு, முத்தையன்கட்டுக் குளங்களின் கீழ் விதைக்கும் விவசாயி, அறுவடைக்காலத்து விலைவீழ்ச்சியை நன்கறிவான். அங்கு சந்தையிற் குவியும் நெல்லின் அளவேனும் ஏற்றவிறக்கத்துக்குக் காரணமாகின்றது. தரவிறக்கப்படும் பாட்டோ ஆயிரவர் எடுப்பினும் குறைவதில்லை. மறுபிரதிக்கு ஆகும் செலவும் மிகச் சொற்பம். உழைப்பு அனைத்தும் முதற்பதிவில் அடங்கியுள்ளது. அண்ணாவியாரின் பல்லாண்டுப் பயிற்சி, மத்தளக்காரரின் கைத்திறன், பிற்பாட்டுக்காரரின் குரல், ஒலிப்பதிவாளரின் கவனம் ஆகிய எவையும் கேட்போர் தொகையோடு ஏறியிறங்குவனவல்ல.

நெல்லுக்குங்கூடச் சந்தையின் தீர்ப்பு இறுதியானதன்று என்பதை இந்நாடு ஏற்றுக்கொண்டது. உத்தரவாத விலையும், 1971ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த நெல் சந்தைப்படுத்தும் சபையும் அவ்வேற்பின் சான்றுகள். நடைமுறையிற் குறைகள் பல இருந்தனவாயினும், உற்பத்தியாளன் வாழ்வதற்கு விலையில் ஓர் அடித்தளம் வேண்டும் என்னும் கோட்பாடு மனங்கொளத்தக்கது.

தரவிறக்கக் கடைகளின் இடத்தை இணையவழி ஒலிபரப்புச் சேவைகள் பெரும்பாலும் பிடித்துக்கொண்ட இன்று இவ்வினா கூர்மையடைந்துள்ளது. 2021இல் இலங்கைக்கு வந்த ஸ்பொட்டிபை, முந்திய 12 மாதங்களில் 1000 தடவையேனும் ஒலிக்காத பதிவுக்கு உரிமைப்பணம் கணக்கிடுவதில்லை என்னும் விதியை 2024 முதல் நடைமுறைப்படுத்தியது. 800 பேர் வாழும் ஒரு சிற்றூரில் அனைவரும் தம்மூர்ப் பாட்டை ஆண்டுக்கொருமுறை கேட்டாலும் பாடியவருக்குக் கிடைப்பது சூனியமே. பிரபல விலையின் கீழ்ப்படி எங்கு சென்று முடியும் என்பது இதனாற் புலனாகும்.

எனவே நாம் இரு வேறுபாடுகளை வற்புறுத்த வேண்டியுள்ளது. வாழும் கலைஞரின் புதிய பாடல்கள் விற்கப்படுமிடத்து, உழைப்பை ஈடுசெய்யும் அடித்தள விலை எல்லார்க்கும் பொதுவாதல் வேண்டும்; அதனிற் குறைத்துக் கொடுப்பது கலைஞரின் விருப்பாக இருக்கலாம், எண்ணிக்கையின் கட்டளையாக இருத்தலாகாது. ஊர்ப்பொதுவான பாடலும் கூத்துமோ விலைப்படிகளுக்கு உட்படுத்தத்தக்கன அல்ல. அவற்றைப் பாடுவோர்க்கும் பதிவோர்க்கும் தக்க ஊதியத்தைப் பொதுநிதியிலிருந்து முன்னரே வழங்கிப் பதிவுகளை யாவர்க்கும் இலவசமாக்குதல் வேண்டும். 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் கட்டணமின்றி வாசிக்கத் தந்து வருவது இதற்கு முன்மாதிரி. 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகிய வவுனியாப் பல்கலைக்கழகமும், கிளிநொச்சி அறிவியல் நகரிற் பீடங்களைக் கொண்ட யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் இப்பணியிற் கைகோத்தல் காலத்தின் தேவையாகும். பாட்டறிந்த முதியோர் எஞ்சியிருக்கும்போதே இது தொடங்கப்பெறல் வேண்டும்.