திறந்தமூல ஒலி அட்டை இயக்கியின் வரம்புகள்: இஎம்யூ10கே1 சில்லை முன்வைத்து ஒரு மதிப்பீடு

மூலநிரல் திறக்கப்பட்டால் வன்பொருள் முழுமையாகப் பயனர் வசமாகிவிடும் என்னும் கருத்து, கட்டற்ற மென்பொருள் குறித்த எழுத்துகளில் பெரும்பாலும் ஆராயப்படாமலே இடம்பெறுகிறது. கிரியேட்டிவ் நிறுவனம் 1998இல் வெளியிட்ட சவுண்ட் பிளாஸ்டர் லைவ் அட்டை இக்கருத்தைச் சோதிக்கத் தக்க சான்றாகும். 1999இல் அந்நிறுவனமே லினக்ஸ் இயக்கியின் மூலநிரலை ஜிபிஎல் உரிமத்தில் வழங்கியது. பின்னர் அல்சா திட்டத்திலும் இச்சில்லுக்கு இயக்கி அமைந்தது.

இவ்வியக்கியின்மீது சுமத்தப்படும் முதன்மைக் குறை, குறுந்தகட்டின் 44.1 கிலோஹெர்ட்ஸ் ஒலி 48 கிலோஹெர்ட்ஸாக மாற்றப்பட்டே வெளிவருகிறது என்பதாகும். இது இயக்கியின் குறையன்று. சில்லிலுள்ள ஒலிச்செயலி 48 கிலோஹெர்ட்ஸில் மட்டுமே இயங்குமாறு வடிவமைக்கப்பட்டது. அதனை எந்த இயக்குதளத்தின் நிரலாலும் மாற்றவியலாது. மாறாக, 64 குரல்களைச் சில்லே கலப்பதால் பல மென்பொருள்கள் ஒரே நேரத்தில் ஒலிக்க முடிந்தது. இவ்வசதியை அல்சா நன்கு பயன்படுத்தியது என்பதைக் குறைகூறுவோர் குறிப்பிடுவதில்லை.

இயக்கிக்கே உரிய வரம்பு வேறிடத்தில் உள்ளது. ஒலிச்செயலியில் ஏற்றப்படும் நுண்நிரலே அட்டையின் இயல்பைத் தீர்மானிக்கிறது. விண்டோஸ் இயக்கி ஈஏஎக்ஸ் எனப்படும் சூழலொலி விளைவுகளை அதன்வழியே தந்தது. அல்சா இயல்பாக ஏற்றும் நுண்நிரலோ ஒலியளவு, பேஸ், டிரெபிள், தடங்களை இணைத்தல் ஆகியவற்றோடு நின்றுவிடுகிறது. புதிய நுண்நிரலை ஏற்றும் கருவிகள் உருவாக்கப்பட்டன என்பது உண்மையே. ஆயினும் எதிரொலி விளைவொன்றை அச்செயலியின் கட்டளைமொழியில் எழுதுவதற்கு வேண்டிய ஒலிச்செயலாக்க அறிவை எந்த உரிமமும் வழங்குவதில்லை. இவ்வட்டையைப் பொறுத்தவரை, வாசிக்கக் கிடைத்தது இயக்கி. கிடைக்காதது விண்டோஸ் இயக்கியுடன் வந்த விளைவுகளின் நுண்நிரல்.