விஞ்ஞானக் கதையும் வீண் நம்பிக்கையும்

துப்பறியும் கதை, மாயக் கதை, விஞ்ஞானக் கதை ஆகியவற்றை வெறும் பொழுதுபோக்கென்று ஒதுக்குவோர் உளர். நாம் அவ்வாறு கருதுவதில்லை. அன்னாசியின் பெயரைத் தாங்கிய நமது பெக்கான் நானாஸில், வேலை முடிந்து களைத்து வந்து நூலெடுக்கும் வாலிபன் விரும்பி நாடுவது அவற்றையே. ஆதலின், அவை அவனது அறிவை என்ன செய்கின்றன என்று கேட்பது நம் கடமையாகும்.

சுஜாதா 1980களில் எழுதிய ‘என் இனிய இயந்திரா’வை எடுத்துக்கொள்வோம். அக்கதை நிகழ்வதாகக் குறித்த 2021ஆம் ஆண்டு வந்து கழிந்துவிட்டது. ஜீனோவைப்போல் நூல் படித்து வாதாடும் இயந்திர நாயை நம் தெருவில் காணோம். ஆயினும் கதை பழுதாகவில்லை. நாடே பணிந்த தலைவன் ஜீவா, ஒளியாலான பொய்யுருவம் என்று அதில் வெளிப்படுகிறதன்றோ? ஆராயாது கும்பிடும் மக்கள் உள்ளவரை அக்கதைக்கு வேலையுண்டு.

நிற்க. சுதாகர் கஸ்தூரியின் ‘6174’ 2012இல் வெளிவந்தது. நான்கு இலக்கங்களும் ஒன்றாக இராத எந்த எண்ணையும் இறங்குவரிசையிலும் ஏறுவரிசையிலும் அடுக்கி, பெரியதிலிருந்து சிறியதைக் கழித்துக்கொண்டே போனால், ஏழு படிகளுக்குள் 6174 வந்து நிற்கும். இது கப்ரேக்கர் கண்ட மெய்க்கணக்கு. அதே நூலில் லெமூரியாவும் வருகிறது. 1864இல் ஸ்கிளேட்டர் என்பார் ஊகித்த அக்கண்டத்தை நிலவியலார் பின்னர் கைவிட்டனர். மெய்யையும் ஊகத்தையும் சேர்த்துப் பின்னுவது கதாசிரியர் உரிமை. கணக்கை நம்பிய வாசகன், கண்டத்தையும் சரித்திரமென்று மேடையேறி முழங்குவதே பிழை.

கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். கண்டத்துக்குச் சான்று கேட்க வேண்டும். அங்ஙனம் கேட்கத் தூண்டும் கதை எதுவாயினும் அதனை நாம் மனமுவந்து வரவேற்கிறோம்.