ஓடப் பிறந்த காரைப் பூட்டி வைக்கலாமா?

ஹோண்டாவின் முதல் தலைமுறை என்எஸ்எக்ஸ் 1990-இல் விற்பனைக்கு வந்து 2005-இல் நின்றுபோனது. உலகம் முழுவதற்கும் சேர்த்துச் சுமார் 18,000 கார்கள்தான் தயாராயின. ஃபெராரியின் கவர்ச்சி இதில் இல்லை என்று அன்று ஒதுக்கியவர்கள் உண்டு. இன்று சேகரிப்பாளர்கள் அதையே தேடித் தேடி வாங்குகிறார்கள். குறைவாக ஓடிய, கையால் கியர் மாற்றும் வண்டி என்றால் விலை எகிறிவிடுகிறது.

அந்த மதிப்பு தகுதியானதே. முழு அலுமினிய உடலுடன் தொடர் உற்பத்திக்கு வந்த முதல் கார் இது. 3.0 லிட்டர் வி6 எஞ்சினில் டைட்டானியம் கனெக்டிங் ராடுகள் இருப்பதால் நிமிடத்துக்கு 8,000 சுற்றுவரை தயங்காமல் ஏறும். தயாரிப்புக்கு முன் சுசுகா ஓடுதளத்தில் ஓட்டிப் பார்த்த ஃபார்முலா 1 பந்தய வீரர் அயர்டன் சென்னா, உடலில் விறைப்பு போதாது என்றார்; அதன் பிறகு அது மேலும் வலுவாக்கப்பட்டது. மெக்லாரன் எஃப்1-ஐ வடிவமைத்த கோர்டன் முர்ரே, என்எஸ்எக்ஸைச் சொந்தமாக வாங்கிப் பல ஆண்டுகள் ஓட்டினார். அதன் சொகுசும் சாலைப் பிடிப்பும்தான் அவருடைய காருக்கு அளவுகோலாயின.

சேகரிப்பால் நன்மை இருக்கிறது. விலை ஏறியதால்தான் அடிபட்ட வண்டியையும் செலவழித்துச் சீராக்க ஆள் கிடைக்கிறார்கள். அலுமினிய உடலைப் பழுது பார்ப்பது எல்லாப் பட்டறைக்கும் கைவந்த வேலையல்ல. கண்டபடி மாற்றியமைக்கும் பழக்கமும் குறைந்து, அசல் பாகங்கள் காப்பாற்றப்படுகின்றன.

ஆனால் ஓடாத வண்டிக்கே அதிக விலை என்ற கணக்கை என்னால் ஏற்க முடியவில்லை. தினமும் எடுத்துப் போகலாம் என்பதுதான் இந்தக் காரின் பெருமை. பூட்டி வைத்தால் அந்தப் பெருமையே போகிறது. காருக்கும் அது கேடு. ரப்பர் சீல்கள் காய்ந்து எண்ணெய் கசியும். டயர் இறுகும். டைமிங் பெல்ட் ஓடினாலும் ஓடாவிட்டாலும் வயதாகி நைந்துபோகும். அது அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி எஞ்சினே பாழ். ஏசியைக் கட்டுப்படுத்தும் மின்பலகையில் கெபாசிட்டர்கள் கசிவதும் பழைய என்எஸ்எக்ஸ்களில் தெரிந்த கோளாறு. ஓடோமீட்டரில் சிறிய எண்ணைக் கண்டு மயங்குபவர் கண்ணுக்கு இவை தெரிவதில்லை.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கிலோமீட்டரைப் பார்க்கும் முன் சர்வீஸ் பில்களைக் கேளுங்கள். பெல்ட் மாற்றிய தேதியைப் பாருங்கள். வாங்கிய பின், எஞ்சின் முழுச் சூடேறும் வரை அடிக்கடி ஓட்டுங்கள்.