அல்ஃபொன்சோவின் வகுப்பறை

பழைய நாடகமொன்றின் களத்தை மாற்றி மேடையேற்றும் நெறியாளர் எவரும், மூலத்தில் உறங்கிக் கிடந்ததையே தாம் வெளிக்கொணர்ந்ததாகக் கூறுவர். அக்கூற்று எப்பொழுதும் உண்மையாவதில்லை. மொஸார்ட் இசையமைத்து, லொரென்சோ டா பொந்தே எழுத்துரு யாத்த ‘கொசி ஃபான் துத்தே’ என்னும் நகைச்சுவை ஒப்பெராவைப் பல்கலைக்கழகச் சூழலில் அமைத்துக் காட்ட முனைவோரையிட்டும் இவ்வையம் எழுதல் இயல்பே. ஆயினும் இந்நாடகத்தைப் பொறுத்தவரை அம்மாற்றம் தகுதியானதென்பதும், அத்தகுதி பலர் கருதும் காரணத்தினால் வந்ததன்று என்பதும் எனது துணிபு.

இவ்வொப்பெரா 1790 ஜனவரி 26இல் வியன்னாவின் பூர்க் அரங்கில் முதன்முதலாக மேடையேறிற்று. தலைப்பின் பொருள் ‘பெண்கள் எல்லாரும் இப்படித்தான்’ என்பது. ‘காதலர் பள்ளி’ என்றொரு துணைத்தலைப்பும் அதற்குண்டு. களம் நேப்பிள்ஸ் நகரம். தம் காதலியர் ஒருபோதும் மனம் மாறார் எனச் சாதிக்கும் ஃபெறாண்டோ, குலியெல்மோ என்னும் இளம் படையதிகாரிகள் இருவருடன், டொன் அல்ஃபொன்சோ என்னும் முதியவர் நூறு பொற்காசு பந்தயம் கட்டுகின்றார். போருக்குச் செல்வதாக நடித்துப் பிரிந்த இளைஞர், மீசையும் அயலுடையுமாக அல்பேனியராய் மீண்டு, ஒருவர் மற்றவரின் காதலியை நாடுகின்றனர். சகோதரியரான டொறபெல்லாவும் ஃபியோர்டிலிஜியும் ஒரு நாள் முடியுமுன் மனம் இளகித் திருமணப் பத்திரத்திற் கையொப்பமிடுகின்றனர். படைமுரசு ஒலிக்கின்றது, பழைய காதலர் திரும்புகின்றனர், சூழ்ச்சி வெளிப்படுகின்றது.

இக்கதைக்குப் பல்கலைக்கழகம் எவ்வாறு பொருந்தும்? இளமையும் காதலும் விடுதி வாழ்வும் அங்கு உள என்பது போதிய விடையாகாது. உண்மையில் விடுதி வாழ்வு இக்கதைக்குப் பாதகமே. நாள்தோறும் ஒரே சிற்றுண்டிச்சாலையில் முகம் பார்த்தவர், ஒட்டுமீசையொன்றைக் கண்டு ஏமாறுவரெனல் நம்பத்தக்கதன்று. பொருத்தம் வேறோரிடத்தில் உளது. தொடக்கத்திலேயே அல்ஃபொன்சோ தம் நரைமுடியைச் சுட்டி, ஆசிரிய பீடத்திலிருந்து பேசுவதாக இலத்தீன் தொடரொன்றைக் கையாளுகின்றார். எழுத்துருவும் அவரை முதிய தத்துவவாதியென்றே குறிக்கும். வேலைக்காரி டெஸ்பினா இருமுறை வேடம் புனைகின்றாள். முதன்முறை, நஞ்சுண்டதாக நடிக்கும் காதலரைக் காந்தத்தாற் குணப்படுத்தும் மருத்துவர்; மறுமுறை, திருமணப் பத்திரம் வாசிக்கும் நொத்தாரிசு. மருத்துவராக அவள் உதிர்க்கும் சிதைந்த இலத்தீனும், வியன்னாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்ற மெஸ்மரின் காந்த சிகிச்சை பற்றிய கிண்டலும் அந்நகரத்து முதற் பார்வையாளருக்கு எளிதில் விளங்கியிருக்கும். தத்துவம், மருத்துவம், சட்டம் என ஐரோப்பியப் பல்கலைக்கழகத்தின் பழைய பீடங்கள் மூன்றும் ஏமாற்றின் கருவிகளாய் ஏற்கனவே மேடையில் நிற்கின்றன. இறையியற் பீடம் மட்டும் எவ்வாறோ தப்பிவிட்டது.

கல்விச் சூழலுக்கு மாற்றும் எண்ணம் புதியதுமன்று. பீத்தோவனும் வாக்னரும் இக்கதையை ஏற்றிலர். 19ஆம் நூற்றாண்டினர் பலர் அதனை ஒழுக்கக்கேடானதெனக் கருதினர். 1863இல் பாரிஸின் தியாத்திர் லிரிக் அரங்கிற்காக ஜூல் பார்பியே, மிஷெல் கார்ரே என்போர் டா பொந்தேயின் எழுத்துருவை அகற்றி, அதே இசைக்கு ஷேக்ஸ்பியரின் ‘லவ்ஸ் லேபர்ஸ் லொஸ்ட்’ நாடகத்தைப் பொருத்தினர். மூன்றாண்டுகள் பெண் முகம் பாராது கல்வி பயில்வதாகச் சபதமேற்ற நவார் மன்னனும் தோழரும், பின்னர் ரஷ்யராய் வேடமிட்டுச் சென்று பெண்களாலேயே ஏமாற்றப்படுவதாக ஷேக்ஸ்பியரின் கதை அமையும். அங்கு தோற்பவர் ஆடவரே. பெண்களைச் சோதிக்கும் பந்தயம் இல்லை. ஆகவே மூலத்தின் கொடுமையை மறைக்கும் திரையாகக் கல்விக்கூடம் அன்று பயன்பட்டது எனலாம்.

2014இல் ரொறன்ரோவில் கனேடிய ஒப்பெராக் கம்பனிக்காக அற்றம் எகோயன் நெறிப்படுத்திய தயாரிப்பு அத்திரையை விலக்கிற்று. காதலர் சீருடை அணிந்த மாணவராயினர். அல்ஃபொன்சோ அவர்தம் ஆசிரியரானார். ஊசி குத்தி வைக்கப்பட்ட வண்ணத்துப்பூச்சிகள் மேடையில் இடம்பெற்றன. அது பல்கலைக்கழகமன்று, பாடசாலையே. எனினும் வினா ஒன்றே. காப்பிக் கடையில் நண்பர் மூவர் கட்டும் பந்தயம் குறும்பு என விடப்படலாம். தம்மை நம்புவோர்மீது ஆசிரியர் நடத்தும் பரிசோதனை அவ்வாறு விடப்படலாகாது. பகிடிவதைக்கு நியாயம் கற்பிக்கும் குரல்களைக் கேட்டுப் பழகிய நம் வளாகத்தார்க்கு இவ்வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை.

மொஸார்ட்டின் இசை இவ்வினாவை இன்னும் கூர்மையாக்குகின்றது. பயணம் செல்வோர்க்குக் காற்றும் அலையும் அமைதியாயிருக்க வேண்டிச் சகோதரியர் பாடுகையில் அல்ஃபொன்சோவும் உடன் பாடுகின்றார். பயணம் பொய், வேண்டுதல் மெய். ஒலி தணிந்த வயலின்கள் அலையென அசைய, பொய்யை அறிந்தவரின் குரலும் அறியாதவரின் குரலும் பிரித்தறிய இயலாதபடி இணைகின்றன. இவ்விடத்தில் அவரை ஏளனப் புன்னகையுடன் நிறுத்தும் தயாரிப்புகள் இசையைக் கேளாதவை என்பேன். இரண்டாம் அங்கத்தின் திருமண விருந்திலோ, ஒரே மெட்டை ஒருவர்பின் ஒருவராக மூவர் எடுத்துப் பாட, குலியெல்மோ மட்டும் அதிற் சேராது, அவர்கள் அருந்துவது நஞ்சாகட்டும் என்று முணுமுணுக்கின்றான். வேடம் அவன் முகத்தை மறைக்கின்றது, காயத்தை மறைக்கவில்லை.

முடிவில் எவர் எவருடன் இணைவர் என்பது எழுத்துருவில் ஐயத்திற்கிடமாகவே விடப்பட்டுள்ளது. அனைவரையும் அணைத்துச் சிரிக்குமாறு அல்ஃபொன்சோ பணிக்கின்றார். கல்விக்கூடக் களத்தில் அவரை என் செய்வதென்பதே நெறியாளர்க்குள்ள கடினமான வினா. வேடமிட்டோர் வேடங் களைந்துவிட்டனர். அவரோ எவ்வேடமும் புனையாதவர். மறுநாட் காலை அதே வகுப்பறைக்குள் நுழைந்து, அந்த நால்வரின் முன் நிற்க வேண்டியவர்.